உப்புப் பெட்டிக்கு நான் போட்ட மார்க்

ஆறுமுகநேரி,
14-6-1976

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் எஸ்றாவுக்கு, கிருபாநிதி எழுதிக்கொள்வது. இங்கே உம் அக்காள் பிளாரன்ஸ் முழு சுகம். நான் கழுத்துக்குக் கீழே சுகம். தூத்துக்குடி லேபர் ஆபீசில் நீர் குறைவில்லாமல் உத்தியோகம் பார்க்க ஜெபிக்கிறோம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதல்லவா, எந்த வேலை எதற்குச் சமம் என்று மார்க் போட்டுத் தரும்படி எங்கள் உப்பள முதலாளி, கணக்கப்பிள்ளையான என்னிடம் சொல்லிவிட்டார். பலம், பயிற்சி, பொறுப்பு என்று கோடு போட்டு நியாயமாகத்தான் ஆரம்பித்தேன். பாத்தியில் உப்பு வாரும் ஆண்களுக்கு, வாரும் பலகையின் கம்பு நீளம் என்பதால், முப்பதுக்கு இருபத்தைந்து. காவல்காரர் பொன்னுதுரைக்கு, நாயையும் சேர்த்து மேய்ப்பதால், பொறுப்பில் மட்டும் பத்துக்கு ஒன்பது. அந்த உப்பை ஓலைப் பெட்டியில் தலையில் சுமந்து அம்பாரத்தில் தட்டும் பெண்களுக்கு மொத்தமே ஏழு. தலை பிறக்கும்போதே இருப்பதால் பயிற்சி தேவையில்லை என்று காரணமும் எழுதி, உம் ஆபீசுக்குத் தபாலில் சேர்த்துவிட்டு, அதைப் பெருமையாக அந்தப் பெண்களிடமே வாசித்தும் காட்டினேன்.

இசக்கியம்மாள் இருபது வருஷமாகச் சுமக்கிறவள். அவள் கோபப்படவில்லை. "ஏழு மார்க்கு வேலதான அண்ணாச்சி, ஒரு நடை சொமந்துட்டு வாங்க" என்றாள். ஈர உப்புப் பெட்டியை இரண்டு பேர் தூக்கி என் தலையில் வைத்தார்கள், உப்புத் தண்ணீர் கண்ணில் வடிந்தது, வரப்பு வழுக்கியது, கழுத்து ஒரு பக்கம் போனது, நான் மறுபக்கம் பாத்திக்குள் போனேன், செருப்பை இன்னும் தேடுகிறார்கள். அவள் ஒரு நாளைக்கு நூறு நடை போகிறாள். தினமும் பெட்டிகளை எண்ணுகிறவன் நான், எனக்கு அது உறைக்கவே இல்லை.

மனசு கேட்கவில்லை, மைத்துனரே. அந்த ரிப்போர்ட் மேலே போய்விட்டால் இந்தப் பெண்களுக்குப் பாதிக் கூலிதான் நிலைக்கும், அதுவும் என் கையெழுத்தால். தயவுசெய்து அதை எடுத்துத் திருப்பி அனுப்பும். பெண்கள் வேலையின் பாரம் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். திருத்தி எழுதிவிடுகிறேன்.

கர்த்தர் உம்மையும் பிள்ளைகளையும் காத்து, உங்கள் எல்லார் கழுத்தையும் நேராக வைப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
கிருபாநிதி

பின்குறிப்பு: கழுத்து குனியாததால், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பிளாரன்ஸ். இந்த வேலைக்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். உட்கார்ந்து செய்கிறதுதானே, நாலு போதும் என்றேன்.

எஸ்றா, இனி அக்கா எழுதுகிறேன். ரிப்போர்ட்டை அத்தான் பேருக்கு அனுப்பாதே, என் பேருக்கு அனுப்பு. இசக்கியம்மாளும் நானும் திருத்திக்கொள்கிறோம்.