வெயிட்டிங் லிஸ்ட்டை நகர்த்திய ஷிஃப்டிங் அண்ணன்

பள்ளிக்கூடம் போகிற வயதில் வீட்டில் ஒரு பிள்ளைகூட இல்லாமல், ஊரில் உள்ள அத்தனை பள்ளிக்கூடங்களின் வெயிட்டிங் லிஸ்ட்டையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நெய்வேலியில் இருந்தார். அதிலும் என் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். என் தலையெழுத்து அப்படி.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. சுரங்கத்தில் மண்ணைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட், கண்ணுக்கு எட்டாத தூரம் நீண்டு கிடக்கும். வெட்டுகிற இடம் தள்ளிப் போகப் போக, அந்த பெல்ட் லைனையும் டோசர் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அந்த வேலைக்கு ஷிஃப்டிங் என்று பெயர். அதிலேயே இருந்து ரிட்டயர்டு ஆனவர் என்பதால் இவர் ஷிஃப்டிங் அண்ணன். அவரோடு ரிட்டயர்டு ஆன மற்றவர்கள் கோயில், வாக்கிங், சுகர் மாத்திரை என்று மரியாதையாக இருந்தார்கள். இவருக்கு மட்டும் எதையாவது நகர்த்தாவிட்டால் சோறு இறங்காது. பெல்ட் கையை விட்டுப் போனதும் லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஏப்ரல், மே வந்தால் வெயிலைவிடக் கொடுமையானது ஸ்கூல் அட்மிஷன். இடம் கொஞ்சம், ஆள் அதிகம் என்றால் குலுக்கல் நடக்கும். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் மடித்த சீட்டுகள், அவ்வளவுதான். ஆனால் அந்த வாளியை அப்பாக்களும் அம்மாக்களும் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைக் கோயில் மூலஸ்தானத்தில்கூட நான் கண்டதில்லை. ஒரு வருஷம் ஒருவர் வாளிக்குத் திருநீறு பூசப் போய், வாட்ச்மேன் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.

நான் அஞ்சாவதோடு நின்றவன். ஆனாலும் எந்த ஸ்கூலுக்கு எந்த வருஷம் மவுசு என்பதை வண்டிக்கு வரும் யூனிஃபார்மை வைத்தே சொல்லிவிடுவேன். ஒரு வருஷம் மூட்டை மூட்டையாக மெரூன் வரும். அடுத்த வருஷம் ஊரே நீலக் கட்டத்துக்கு மாறிவிடும். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் மாற்றினார், அதனால் இவர் மாற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் ஏன் மாற்றினார் என்று கேட்டால் அவர் இவரைக் கைகாட்டுவார். செம்மறி ஆடுகள் சட்டை போடுவதில்லை என்பதால்தான் என் வண்டிக்கு வருவதில்லை. மற்றபடி வித்தியாசம் ஒன்றுமில்லை.

குலுக்கலில் தோற்றவர்கள் வெயிட்டிங் லிஸ்ட்டோடு ஷிஃப்டிங் அண்ணனிடம் வருவார்கள். அவர் பெஞ்சு சாதாரணப் பெஞ்சு அல்ல. பலகை மேல் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி அடித்தது. யானை உட்கார்ந்தாலும் கிழியாது. அதில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எத்தினியாவது எடம்?" என்பார். ஒன்பது என்றால் முகத்தைச் சுளிப்பார். நாலு என்றால், "நவுத்திடலாம்" என்பார்.

எப்படி நகர்த்துவார் தெரியுமா? லிஸ்ட்டில் முன்னால் இருப்பவர்களின் வீட்டுக்கே போய், அந்த ஸ்கூல் வேண்டாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். அதற்கு அவர் வாங்கியதெல்லாம் என் மனைவி விமலா பிளாஸ்க்கில் கொண்டுவரும் டீ. டாக்டர் தடுத்திருந்த சர்க்கரை அதில் மூன்று ஸ்பூன்.

"ஒரேடியா இழுத்தா பெல்ட் கோணிக்கும் தம்பி. ஒவ்வொரு ஜாயிண்ட்டா நவுத்தணும். லிஸ்ட்டும் அப்டித்தான்" என்பார். நான் தலையாட்டுவேன். எனக்கு மனிதர்களிடம் பேச வராது. துணிதான் எனக்கு வசதி. அது பதில் சொல்லாது.

போன வருஷம் எங்கள் மகள் யாழினிக்கு ஒண்ணாவது சேரும் வயது. மெயின் ரோட்டில் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் இருக்கிறது. பெயர் வேண்டாம். காம்பவுண்டு சுவரில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே நம் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும். அங்கே ஏழைகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய இலவச சீட்டுக்கு விமலா மனுப் போட்டாள். குலுக்கலில் எங்கள் சீட்டு வரவில்லை. வெயிட்டிங் லிஸ்ட்டில் ஏழாவது இடம். விமலா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வாளிக்குள் கையை விட்டது நான் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏழா?" என்றார் ஷிஃப்டிங் அண்ணன். ஒரு வாய் டீ குடித்தார். "எம்மா விமலா, அழுவாத. ஆறு ஜாயிண்ட்டுதான்."

முன்னால் இருந்த ஆறு பேரையும் தள்ளிவிட ஒரு பள்ளம் வேண்டுமே. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் ஊரை ஒட்டிய வடக்குத்தில் இருந்த ஒரு அரசு ஆரம்பப் பள்ளி. அந்தப் பள்ளியை அப்போது நாய்கூட நிழலுக்குத்தான் எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் குறைந்துபோய், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு. தலைமை ஆசிரியை ஆட்டோவில் மைக் கட்டி வீதி வீதியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. கவர்மெண்ட் ஸ்கூல் என்றாலே ஏதோ தொத்து வியாதி போல ஜன்னலையும் சாத்தினார்கள்.

ஷிஃப்டிங் அண்ணனும் அந்தப் பள்ளிக்குள் கால் வைத்தது கிடையாது. அதனால்தான் அவரால் அவ்வளவு அழகாக வர்ணிக்க முடிந்தது.

முதல் இடத்தில் இருந்தது ஒரு வேன் டிரைவர் குடும்பம். டிரைவரின் மனைவி என்னிடம் துணி கொடுக்க வந்தபோதே அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஸ்கூல்ல உன் புள்ளைக்கு இன்னா கெடைக்கும்மா? ஷூ கடிக்கும். நம்ம கவர்மெண்ட் ஸ்கூல்ல ஊஞ்சல் போட்டுக்கிறாங்க, பாத்தியா?"

"ஊஞ்சலா? நெசமாவா?"

"புள்ளைங்க எறங்கவே மாட்டேங்குதாம்."

"அப்ப சனிக்கெழம கூட்டிகினு போய் பாக்குறேன்" என்று அந்தம்மா போய்விட்டார். ஷிஃப்டிங் அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காயலான் கடையில் சங்கிலியும் ஒரு துண்டு பெல்ட்டும் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போனார். தலைமை ஆசிரியை வாசலிலேயே மறித்தார்.

"யாருங்க நீங்க?"

"பக்கத்துலதான் டீச்சர். நாளைக்குப் புள்ளைங்க வருது. ஊஞ்சல் கட்டணும்."

"எந்தப் புள்ளைங்க? யாரு சொன்னது?"

"நான்தான் டீச்சர் சொல்லிட்டேன்."

பிள்ளை வரும் என்று ஒருவர் சொன்னதே அந்தம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. அவரே நாற்காலியைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டார். சனிக்கிழமை டிரைவர் மகன் ஊஞ்சலில் ஏறினான். இறக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு ஜாயிண்ட் நகர்ந்தது.

இரண்டாவது ஆள் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். தன் மகன் டாக்டராகப் போவதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டவர். அந்த வருங்கால டாக்டர் அப்போது சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, பொத்தானைத் தேடி முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சா டாக்டர் சீட்டுல தனி ஒதுக்கீடுங்க" என்றார் அண்ணன்.

"அது ஆறாவதுலேர்ந்து படிச்சாப் போதும்னு சொல்றாங்களே?"

"ஆறாவதுல திடீர்னு போனா புள்ளைக்கு ஒத்துக்குமா? இப்பவே பழக்கணும்ல?"

டாக்டரின் அப்பா யோசித்தார். அவர் யோசித்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். அந்த ஜாயிண்ட்டும் நகர்ந்தது.

மூன்றாவது வீட்டில் இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். "அங்க பெரிய டீச்சர் திட்றதே இங்கிலீஷ்லதான்" என்று சொல்லிவிட்டு, நேரே தலைமை ஆசிரியையிடம் ஓடினார்.

"அவங்க வரும்போது ரெண்டு வார்த்த இங்கிலீஷ்ல திட்டுங்க டீச்சர். கோவமாத் திட்டணும்னு இல்ல."

"சும்மா நிக்கிற புள்ளைய எதுக்குங்க திட்டணும்?"

"அப்ப என்னையத் திட்டுங்க."

அந்தம்மா இவரை இங்கிலீஷில் திட்டினார். ரொம்ப நாள் சேர்த்துவைத்திருந்தார் போலிருக்கிறது, நன்றாகவே திட்டினார். மூன்றாவது வீட்டுக்காரர்கள் அங்கேயே ஃபாரம் கேட்டார்கள்.

நாலாவது ஆள் தானாகவே குறிஞ்சிப்பாடிக்குக் குடிபோனார். அதையும் அண்ணன் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஐந்தும் ஆறும், மற்றவர்கள் போனதால் போனார்கள். அவர்கள் போனதால் லிஸ்ட்டிலேயே இல்லாதவர்களும் போனார்கள். ஜன்னலைச் சாத்திய வீடுகளெல்லாம் இப்போது, "கவர்மெண்ட் ஸ்கூலா? நாங்க அப்பவே சொன்னோமே" என்றன. காலையிலேயே அங்கே சாப்பாடு போடுகிறார்கள் என்பதை ஏதோ தாங்களே கண்டுபிடித்ததுபோல என்னிடம் வந்து சொன்னார்கள்.

ஒரு நாள் இங்கிலீஷ் ஸ்கூலிலிருந்து போன் வந்தது. யாழினிக்கு இடம் இருக்கிறது, உடனே சொல்ல வேண்டும் என்றார்கள். ஷிஃப்டிங் அண்ணன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விமலா போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். ஒரு மாசமா இதே பெஞ்சுல உக்காந்துகினு அந்த ஸ்கூல் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்க. அவ்ளோ நல்ல ஸ்கூல்னா எம்புள்ளைய மட்டும் ஏன் வேற எடத்துக்குத் தள்றீங்க?"

"அது மத்தவங்களுக்குச் சொன்னதும்மா."

"அப்ப பொய்யா?"

"பொய்யில்ல. ஊஞ்சல் இருக்குதே."

"இங்கிலீஷ்?"

"திட்றாங்கம்மா. நானே வாங்கியிருக்கறேன்."

"அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு, விமலா போனில் எங்களுக்கு வேண்டாம் என்றாள். அந்தப் பக்கம் அடுத்த நொடியே எட்டாவது ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மறுநாள் அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லன்னு சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனா ஒண்ணாவதுல உக்கார வைக்க எடமே இல்லீங்க. பெஞ்சு கேட்டு எழுதியிருக்கேன். உங்களுக்கு முன்னாடியே நாலு பேரு காத்துகிட்டு இருக்காங்க. அவசரம்னா பக்கத்து ஊர்ல சேத்துடுங்க."

மைக் கட்டிக் கூப்பிட்டும் ஆள் வராத பள்ளியில் என் மகள் வெயிட்டிங் லிஸ்ட்டில் ஐந்தாவது. அந்தப் பக்கமும் போயிற்று, இந்தப் பக்கமும் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு லாரிகள் ஓடும் ரோட்டைத் தாண்ட வேண்டும். காலை வேளையில் வண்டியை விட்டு நகர முடியாத எங்களில் யார் கொண்டுபோய் விடுவது? வழியெல்லாம் யாழினி, "அம்மா, ஊஞ்சல் நமக்கு இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஷிஃப்டிங் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இந்தமுறை எதிர்ப்பக்கமாக நகர்த்த வேண்டும். டிரைவர் வீட்டுக்குப் போய், இங்கிலீஷ் ஸ்கூலில் ஏ.சி. போடப் போகிறார்களாமே என்று ஆரம்பித்திருக்கிறார்.

"இன்னா பெரியவரே," என்றாராம் டிரைவர் மனைவி, "போன மாசம் ஷூ கடிக்கும்னீங்க. இப்ப ஏ.சி. போட்டா ஷூ கடிக்காதா?"

டாக்டரின் அப்பா இன்னும் மோசம். "எம்புள்ள டாக்டராவறது உனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டு, தெருமுனைவரை கூடவே வந்து வழியனுப்பியிருக்கிறார். கையில் துடைப்பம் இருந்ததாகக் கேள்வி.

திரும்பி வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். விமலா டீ கொடுத்தாள். குடிக்கவில்லை. தான் தள்ளிய பெல்ட் தன் காலிலேயே வந்து ஏறியதைப் பார்க்கிற மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டும் முன்பே எழுந்து போய்விட்டார். நன்றாக வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டே பெட்டியில் கரியைத் தட்டினேன்.

மறுநாள் காலை வண்டியைத் திறக்க வந்தபோது பெஞ்சைக் காணோம். அந்தப் பாரத்தை எந்தத் திருடன் தூக்குவான் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே பள்ளியிலிருந்து போன். யாழினியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

ஒண்ணாவது வகுப்பில், கடைசிச் சுவர் ஓரமாக அந்தப் பெஞ்சு கிடந்தது. அண்ணன் அதை ஒரு டிவிஎஸ் பிஃப்டியில் குறுக்காகக் கட்டி, எதிரே வந்த அத்தனை பேரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

"வந்ததும் வராததுமா, 'எடம் வந்துருச்சு டீச்சர்'ங்கறாரு" என்றார் தலைமை ஆசிரியை. "நான் உங்க புள்ளைக்கு மட்டும்தான் கேக்கறாருன்னு நெனச்சேன். அஞ்சு பேரும் தாராளமா உக்காரலாம், முன்னாடி இருக்குற நாலு பேரையும் கூப்புடுங்கன்னாரு."

அப்படியாக ஒரே நாளில் முழு லிஸ்ட்டும் தீர்ந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் பெருமை பேசிக்கொள்ளவில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். உட்கார இடம் இல்லாததால் என் வண்டியைப் பிடித்து நின்றுகொண்டே, மாலைவரை பேசினார்.

இந்த வருஷம் சென்னையில் இருக்கும் மகன் வந்து அவரைக் கூட்டிப் போய்விட்டான். பேரனுக்கு அங்கே ப்ரீ கே.ஜி. சீட்டு கிடைக்கவில்லையாம்.

"எத்தினியாவது எடம்ணே?" என்று கேட்டேன்.

"நாப்பத்தொண்ணு. பரவால்ல தம்பி. மெட்ராஸ்காரங்க நம்ம ஆளுங்களவிட சீக்கிரம் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அவர் நின்றுகொண்டு பேசியது கண்ணை உறுத்தியதால், நான் முன்பே ஒரு இரும்பு ஸ்டூல் வாங்கி வண்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்தேன். துணி கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் இழுத்து உட்காரப் போவார்கள். எனக்கு மனிதர்களிடம் பேச வராது. ஆனாலும் அப்போது மட்டும், "அங்க ஆளு வருதுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.