கல்லொரசியும் கடைசி அரிசியும்

மதுரை ஜில்லாவிலேயே கல்லொரசியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி பிறந்ததில்லை. பல்லி விழுந்தால் பஞ்சாங்கம், இடி இடித்தால் கட்டிலுக்கடி, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் லீவு லெட்டர். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே நடுங்கிய யுத்த வருஷங்களில் பசுமலையில் அவரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் சயன்ஸ் வாத்தியார், நான் கணக்கு வாத்தியார். பயத்தில் நானும் அவருக்குச் சளைத்தவனில்லை.

லீவு நாளெல்லாம் கண்ணாடிப் பலகையில் சாணைப் பொடியும் தண்ணீரும் விட்டுக் கல்லை உரசிக்கொண்டிருப்பார். அதனால்தான் அந்தப் பெயர். இமயமலைப் பக்கம் சர்வே வேலை பார்த்த சிநேகிதர் கொடுத்த சுண்ணாம்புக் கல் அது. உள்ளே அரிசி அரிசியாக ஏதோ பதிந்திருந்தது.

"அரிசி இல்ல மாப்ள. நிலக்கரி உண்டான காலத்துல கடல்ல கெடந்த உசுரு. ஒத்தை செல்லே கட்டுன கூடு."

"செத்துப் போச்சுல்லண்ணே? அப்புறம் எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"இது புதுசுய்யா! இந்த இனத்துல இப்படி ஒரு உட்பிரிவு இருக்குனு ஒலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது."

நிரூபிப்பதில்தான் சிக்கல். அந்தக் கூடு சுருட்டி வைத்த பாய் மாதிரி. நட்டநடுவே புள்ளியாக ஒரு முதல் அறை. கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு உரசி, சரியாக அந்தப் புள்ளியில் நிறுத்தி, அதை அளந்து காட்டினால்தான் புதுசு என்று ஒப்புக்கொள்வார்கள். ஓர் உரசல் கூடினாலும் புள்ளி பொடியோடு போய்விடும். அவருடைய கைநடுக்கத்தில் எல்லா அரிசியும் அப்படியே போய், ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.

அதை உரசிக்கொண்டிருந்த மத்தியானம் மில் சங்கு அலறியது. ஷிப்டுக்கு என்றால் ஒரே நீட்டாக ஊதும். ஏறி இறங்கி ஊதினால் விமானம் வருகிறது, எல்லாரும் பதுங்கு குழிக்குப் போக வேண்டும். அன்றைக்கு ஏறி ஏறி இறங்கியது.

தெருவே குழியைப் பார்த்து ஓடியது.

"வாங்கண்ணே, ஓடிரலாம்!"

"இப்பக் கைய எடுத்தா மறுபடி அதே மட்டத்துல வைக்க முடியாது மாப்ள." பல் தந்தியடித்தது. "நீ போ. இல்ல, போகாத. எங்கையப் பிடி, ஆடுது."

பிடித்தேன். என் கையும் ஆடியது.

"எதாச்சும் பேசுய்யா!"

வாயில் வந்தது பதினாறாம் வாய்ப்பாடுதான். நான் சொல்லச் சொல்ல அவர் கை அதற்கு அடங்கி, உரசல் சீராக விழ ஆரம்பித்தது. குண்டு எந்தப் பக்கமாக இறங்கும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே நான் ஒப்பித்தேன்.

சட்டென்று நிறுத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"இருக்கு மாப்ள! மொத அறை முழுசா இருக்கு!" என்றவர், "ஆமா, குண்டு விழுந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு மயங்கிச் சரிந்தார்.

குண்டும் இல்லை, விமானமும் இல்லை. மில் சங்கு ரிப்பேராம். ஊதியது ஷிப்டு சங்குதான்.

அவர் எழுதிய கட்டுரை கல்கத்தாவில் அச்சாகி வந்தது. கண்டுபிடித்தவர் புது உயிருக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லையாம், வேண்டியவர் பெயரை வைக்கலாமாம். சொக்கலிங்கம் என்கிற என் பெயருக்கு ஒரு லத்தீன் வால் ஒட்டி வைத்திருந்தார்.

"பயந்தவன் பேரப் போயி வைக்கலாமாண்ணே?"

"பயந்துக்கிட்டே கூட நின்னவன் பேரு மாப்ள."

இன்றைக்கும் இடி இடித்தால் என் வாய் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடங்கிவிடுகிறது. பிடித்துக்கொள்ள அந்த நடுங்கும் கைதான் இல்லை.