எழுவாய் மாறிய அறிக்கை

உலகத்தைக் காப்பாற்றியே தீருவது என்று பூகோள வாத்தியார் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தபோது.

அவருடைய பள்ளிக்கும் கடல் தாண்டியிருந்த ஒரு பள்ளிக்கும் அந்த வருடம் கூட்டு ஏற்பட்டிருந்தது. பூமியை வீணாக்காமல் வாழ்வது எப்படி என்று இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் ஆசிரியர்கள் தங்கள் வீட்டு நடைமுறையை எழுதி அனுப்ப வேண்டும். "நாம முன்னால நடந்தாத்தானே பிள்ளைங்க பின்னால வரும்" என்று சொல்லி, தலைமையாசிரியை அதை அவர் தலையில் கட்டிவிட்டார்.

வாத்தியார் எழுதினார். பொய் எழுதவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டில் காய்கறித் தோல் பால்கனித் தொட்டியில் உரமாகியது. துணி அலசிய தண்ணீர் வாளிவாளியாகக் கழிப்பறைக்குப் போனது. கிழிந்த படுக்கை விரிப்பு தலையணை உறையாகி, அதுவும் கிழிந்த பிறகு மேஜை துடைத்தது. அத்தனையும் உண்மை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'நான்' என்று ஒரு சொல்லை மட்டும் வைத்தார். வைத்தவுடன் வாக்கியம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

பத்தாம் நாள் பதில் வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சொக்கிப்போய்விட்டார்களாம். மூன்று வாரம் கழித்துக் காணொளியில் அவர் வீட்டுக்கே வந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம்.

வாத்தியார் சோபாவை விட்டு எழுந்தார். அறிக்கையின் நகலை மனைவியிடம் நீட்டினார். அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டாள். கடைசி வரி வரை படித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"பிழை இருக்கா?"

"எழுத்துப் பிழை இல்லை. பயனிலை எல்லாம் சரியா இருக்கு. எழுவாய்தான் மாறியிருக்கு."

"நீ வேற, நான் வேறயா?"

"சரி. உரத் தொட்டியில தோலைப் போட்டதும் மேல என்ன போடணும்?"

"மூடி."

"காஞ்ச இலை. ஒரு விரிப்புல எத்தனை உறை வரும்?"

வாத்தியார் ஜன்னல் வழியே எதையோ தேடினார். பிறகு தணிந்த குரலில் தன் யோசனையைச் சொன்னார். "அன்னைக்கு நீ பக்கத்துல நின்னு மெதுவா சொல்லிக்குடு. நான் சமாளிச்சுக்கறேன்."

"அது பிள்ளைங்களை ஏமாத்தறது. அறிக்கை போயாச்சு, இனி அதைத் திருத்த முடியாது. ஆளைத் திருத்தலாம். மூணு வாரம் இருக்கு."

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் காதருகே ஒரே ஒரு சொல் கேட்டது.

"எழுவாய்."

இருபத்திரண்டு வருடமாக 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள். இலக்கணம் நடத்துகிறாளா, எழுப்புகிறாளா என்று புரிவதற்குள் வாளி கைக்கு வந்துவிட்டது.

முதல் வாரம் பாதித் தண்ணீர் கூடத்துக்குப் போயிற்று. இரண்டாம் வாரம் காய்ந்த இலையை மறந்தார். பால்கனிப் பக்கம் யாரும் மூக்கோடு போக முடியவில்லை. ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து ஒரு தலையணை உறை தைத்து, பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினார். மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கெட்டித் தையல். நாலு பக்கமும் தைச்சிருக்கீங்க. தலையணை எந்த வழியா உள்ள போகும்?"

பிரித்துத் தைத்தார்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம், வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர் அப்படியே நின்றார். மனைவி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். கையில் பேனா இல்லை. அவள் அப்படிப் படித்து அவர் பார்த்ததே இல்லை. இத்தனை வருடமும் அவளுடைய சாயங்காலம் எங்கே போயிற்று என்று யோசித்தார். வாளியின் கம்பி விரலை அறுத்தது. சத்தமில்லாமல் நடந்து போய்த் தண்ணீரை ஊற்றினார்.

காணொளி நாள் வந்தது. செல்ஃபோனைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றாள். வாத்தியார் தொட்டியைக் கிளறினார், தோலைப் போட்டார், இலையைத் தூவினார். பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அந்தப் பள்ளி ஆசிரியை தமிழில் சொல்லச் சொல்ல, தடுமாறாமல் பதில் சொன்னார். கடைசியில் ஒரு பெண் கேட்டாள்.

"இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

வாத்தியார் செல்ஃபோனுக்கு மேலே பார்த்தார். மனைவி முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் என்ன சொன்னாலும் அவள் மறுத்துப் பேசப் போவதில்லை. அது அவருக்குத் தெரியும். அதனால்தான் பொய் சொல்ல முடியவில்லை.

"இந்த ஃபோனைப் பிடிச்சிட்டு நிக்கறாங்களே, இவங்ககிட்ட. போன மாசம் வரைக்கும் எல்லாம் இவங்கதான் செஞ்சாங்க. நான் 'நான்'னு எழுதிட்டேன்."

அந்தப் பெண் மெல்ல ஏதோ சொன்னாள். ஆசிரியை சற்றுத் தயங்கி மொழிபெயர்த்தார்: "எங்க வீட்லயும் அம்மாதான் செய்யறாங்க. நான் 'நாங்க'ன்னு எழுதியிருக்கேன்."

இரண்டு பள்ளிகளும் அறிக்கைகளைத் திருத்திப் புத்தகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. வாத்தியார் எல்லா 'நானை'யும் அடித்துவிட்டு 'என் மனைவி' என்று போட்டார். மனம் லேசாயிற்று, முதுகும் லேசாகிவிடும் என்று ஒரு கணக்கும் போட்டார். முடிவில் ஒரு வரி சேர்த்தார்: 'இப்போது நானும் செய்துவருகிறேன்.' அந்த 'இப்போது' நிறைய யோசித்துப் போட்ட சொல். இன்றைக்கு இருக்கும், நாளைக்கு அது 'அப்போது' ஆகிவிடும்.

புத்தகம் அச்சுக்குப் போனது மனைவியின் அச்சகத்துக்கு. இரண்டு நாள் கழித்து ஒரு பிரதியோடு வந்தாள்.

"எல்லாம் சரியா வந்திருக்கா?" என்றார் வாத்தியார், சோபாவில் சாய்ந்தபடி.

"கடைசி வரியில மட்டும் ஒரு சின்ன எழுத்துப் பிழை. திருத்திட்டேன்."

வாங்கிப் பார்த்தார். 'எப்போதும் நானும் செய்துவருகிறேன்' என்றிருந்தது.