துண்டால் துடைத்த இரண்டு புள்ளி

ஒரு விளையாட்டு அணியின் வரலாற்றை வென்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எங்கள் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் அப்படி யாரும் அகப்படாததால் என்னிடம் வந்தார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவன் என் மகன். நான் படித்த அதே கல்லூரியில்தான் படிக்கிறான். (நான் எவ்வளவோ தடுத்தும்) அதே அணியில்தான் ஆடுகிறான். அவனுக்கு ஆட்டம் என்றால் எனக்கு முந்தின இரவே தூக்கம் போய்விடும். மற்ற பெற்றோர்களைப் போலக் கீழே விழுந்து முட்டி பெயருமோ என்ற பயம் இல்லை. ஜெயித்துவிடுவானோ என்ற பயம். காரணத்தைச் சொல்லத்தான் போகிறேன்.

"நைனா, ஆண்டு மலருக்கு டீமோட வரலாறு எழுதணுமாம். மொத கேப்டன் யாருன்னு தேடினதுல நீ மாட்டிகின."

"வேற யாருமே கெடைக்கலியா?"

"கெடைச்சவங்க எல்லாம் உன் பேரைச் சொல்லிட்டு சிரிச்சிகினே போனை வச்சிட்டாங்களாம்."

மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள். அவள் காட்டூரில் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவள். எங்களைப் போன்ற பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரர்கள் அசிங்கப்பட்ட கதை என்றால் அவளுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

மறுநாள் மலர்க் குழுவின் பேராசிரியரே தொலைபேசியில் பேசினார். "பழவேற்காடுன்னாலே டச்சுக்காரங்கதானே சார். அங்கேருந்தே ஆரம்பிச்சுடுங்க. கனமா இருக்கும்."

"டச்சுக்காரங்க இருந்த காலத்துல கூடைப்பந்துன்னு ஒண்ணே கெடையாதே சார்."

"அதனால என்ன, ரெண்டு வரி போடுங்க."

உண்மையைச் சொன்னால், டச்சுக்காரர்களுக்கும் எங்கள் அணிக்கும் தொடர்பு உண்டு. அப்போது பொன்னேரியில் கல்லூரி மைதானத்தில் தாளாளர் வேர்க்கடலை போட்டிருந்தார். பார்வையிட வந்த குழு ஒன்று "பசங்களுக்கு விளையாட்டு இல்லையா?" என்று கேட்டுத் தொலைத்ததில், ஒரு பந்தும் இரண்டு இரும்பு வளையங்களும் வாங்கப்பட்டு எங்கள் அணி பிறந்தது. ஆனால் கடலையைப் பிடுங்க யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே வளையங்கள் பழவேற்காட்டுக்கு அனுப்பப்பட்டு, டச்சுக் கல்லறையை ஒட்டிய வெற்றிடத்தில் இரண்டு பனங்கம்பங்களில் ஏறின. கல்லூரி அறிக்கையில் அதன் பெயர், ‘வரலாற்றுச் சூழலில் அமைந்த ஆடுகளம்’. பந்து சுவர் தாண்டி வரலாற்றுக்குள் விழும்போதெல்லாம் காவலாளியிடம் கெஞ்சி எடுத்துவருவோம். கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கும். எங்கள் பயிற்சியைத் தவறாமல் பார்த்தவை அவைதான். பார்த்துப் பார்த்தே அப்படி ஆகிவிட்டன என்பது ஏழுமலையின் கருத்து.

ஏழுமலை என் மாமன் மகன். ஆள் பனைமரம். அணியில் நாங்கள் ஐந்து பேரும் பழவேற்காட்டின் தோணிரேவு கிராமத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த ஏரிப் பிள்ளைகள். உடற்கல்வி ஆசிரியர் தங்கராஜ் மாஸ்டர் எங்களைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிமையானது: "வலை வீசற கை, பந்து வீசாதா?" நான் கேப்டன் ஆன காரணம் அதைவிட எளிமையானது. என்னிடம் மட்டும்தான் கேன்வாஸ் ஷூ இருந்தது.

முதல் வாரமே அடிதடி. பந்து கிடைத்தவன் எவனும் அடுத்தவனுக்குக் கொடுக்கவில்லை. எல்லோரும் கூடை போடவே பிறந்தவர்கள். ஏழுமலை ஒருவனின் சட்டையைக் கிழித்தான், அவன் இவன் காதைக் கடித்தான். மாஸ்டர் டீக்கடையில் இருந்ததால் (அவருடைய பயிற்சி முறை அது) கேப்டனான நான்தான் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தேன். பாடு.

எங்கள் ஏரியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இறால் நன்றாக விழும் இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே போய் வலை போட்டால் வலையும் கிழியும், மண்டையும் கிழியும். அதனால் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்த இடம் உன் பாடு, நாளைக்கு என் பாடு. உன் பாடு அன்று இறால் துள்ளிக்கொண்டு என் தோணிக்குள் விழுந்தாலும் நான் வேறு பக்கம் பார்க்க வேண்டும். போலீஸ் சொல்லிக் கேட்காதவனும் பாடு முறைக்குக் கட்டுப்படுவான்.

இதைக் கூடைப்பந்தில் புகுத்தினேன். கூடையை நோக்கிப் பந்து எறியும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவனுக்கே. அவன் எறிந்து முடித்தால் அடுத்தவன் பாடு. மற்றவர்கள் பந்தைப் பிடிக்கலாம், ஓடலாம், ஆனால் எறியக் கூடாது. அன்றோடு சண்டை நின்றது. டீ குடித்துவிட்டு வந்த மாஸ்டர், நாங்கள் ஒருவருக்கொருவர் பந்தை மரியாதையாகக் கொடுத்துக்கொள்வதைப் பார்த்துக் கண் கலங்கினார். "இதான்டா டீம் ஸ்பிரிட்" என்றார். உலகத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நானும் நினைத்தேன். வேறு யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று யோசிக்கும் வயது இல்லை.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி அணி எங்களோடு ஆட வருவதாக ஏற்பாடாயிற்று. இதற்கிடையில் வீட்டில் என் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. தோணியில் ஒரு ஆள் குறைவு. நானோ பொன்னேரிக்குப் போய்ப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, சாயங்காலம் கல்லறைப் பக்கம் பந்து எறிந்துகொண்டிருந்தேன்.

"அந்த ஆட்டத்துக்கு நானும் வரேன்" என்றார். "நீ கேப்டன்ற. ஜெயிச்சியா, மீதி வருசத்தயும் படி. தோத்தியா, மறுநாள் காலைல தோணி ஏறு. அப்பறம் இன்னா ஏதுன்னு பேசக் கூடாது."

எனக்குத் தோணி என்றாலே குமட்டும். (மீனவன் மகனுக்கு ஏரியில் தலை சுற்றும் என்பது வெளியே சொல்லக் கூடிய விஷயமா?) ஆக, அந்த ஒரு ஆட்டத்தில்தான் என் ஆயுள் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டத்தன்று காலையில் நான் இன்னொரு புத்திசாலித்தனம் செய்தேன். ஊரில் பாடு சீட்டுக் குலுக்குபவர் என் அப்பாதான். சட்டப்படி இருக்கட்டும் என்று எங்கள் ஐவருக்கும் அவரையே குலுக்கச் சொன்னேன். ஊரே சுற்றி நின்று பார்த்தது. யாருக்குப் பின் யார் என்பது அத்தனை பேருக்கும் மனப்பாடம் ஆயிற்று.

முதல் பாதியில் நாங்கள்தான் முன்னிலை. நம்புங்கள். கூடைக்கு அடியில் பந்தோடு நிற்பவன் அதைப் போடாமல் தூரத்தில் நிற்பவனுக்குத் தருவதைச் சென்னைப் பையன்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. அவர்களுடைய பயிற்சியாளர் இதை ஏதோ வெளிநாட்டு வியூகம் என்று நினைத்துக் குறிப்பெடுத்தார். ஏழுமலை பாதி மைதானத்திலிருந்து வீச்சு வலை வீசுவது போல இடுப்பைத் திருப்பி எறிவான், விழும். கல்லூரி முதல்வர், வெல்லும் கேப்டனுக்குப் போட வாங்கிவந்த மாலையைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

கெடுத்தது எங்கள் ஊர்தான். ஆர்வம் தாங்காமல் எங்கள் ஐவரின் பெயரையும் முறைப்படி கத்த ஆரம்பித்தார்கள்.

"இப்ப சேகர் பாடு."

"சேகர் போட்டுட்டான். அடுத்தது ஏழுமல, ஏழுமல."

சென்னைப் பையன்கள் முட்டாள்கள் இல்லை. கொஞ்ச நேரத்தில் எங்களைக் கவனிப்பதை விட்டுவிட்டு எங்கள் ஊரைக் கவனித்தார்கள். ஊர் யார் பெயரைச் சொல்கிறதோ அவன் மேல் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். மற்ற நால்வரை யாரும் சீண்டவில்லை. நான் மைதானத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்துக் காற்று வாங்கினேன். முன்னிலை கரைந்தது. கடைசியில் அவர்கள் ஒரு புள்ளி மேலே போய்விட்டார்கள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து என் கைக்கு வந்தது. நான் கூடைக்கு நேர் கீழே நின்றேன். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. ஏழுமலையோ தூரத்தில் இரண்டு பேருக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏழுமல பாடு" என்று ஊர் கத்தியது.

"போட்றா டேய்" என்று மாஸ்டர் கத்தினார்.

எனக்குத் தோணி தெரிந்தது. விடியற்காலை ஏரி தெரிந்தது. போட்டுவிட்டேன்.

விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். மாஸ்டர் என்னைத் தூக்க ஓடிவந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். எங்கள் ஊரிலிருந்து ஒரு கைதட்டல் கூட வரவில்லை. சாவு வீட்டில் கூட அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள்ளிருந்து என் அப்பா எழுந்து நடுவரிடம் நடந்து போனார்.

"இப்ப போட்டானே, அத எடுத்துடுங்க சார்."

நடுவர் விழித்தார். "ஐயா, அது உங்க பசங்களுக்கு வந்த பாயிண்ட்டுங்க. நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க."

"தெரியும் சார். அது ஏழுமல பாடு. என் புள்ள பூந்து போட்டுட்டான். எங்களுக்கு வேணாம்."

"அப்படி ரூல்ஸ்ல எதுவும் இல்லையே."

"உங்க ரூல்ஸ்ல இல்லாம இருக்கலாம். எங்க ஏரியில கீது."

மாஸ்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, என் பொழப்புல மண்ணைப் போடாதீங்கண்ணே." எதிரணிக் கேப்டன் மட்டும் பயபக்தியோடு முன்னால் வந்தான். "பெரியவர் இவ்ளோ தூரம் சொல்றாரு. நாமளும் மரியாதை கொடுக்கணும் இல்ல சார்?"

ஆனால் ஒரு வழி இருந்தது. பாடு உள்ளவன் தன் முறையை விட்டுக் கொடுத்தால் அடுத்தவன் வலை போடலாம். அப்பாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டார். "ஏழுமல, நீ இவனுக்கு விட்டுக் குடுத்தியாடா?"

மொத்த மைதானமும் ஏழுமலையைப் பார்த்தது. என் உடன் பிறவா சகோதரன். என் ஷூவை வாரத்தில் பாதி நாள் போட்டுத் திரிந்தவன். நான் கண்ணால் கெஞ்சினேன். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை போதும்.

அவன் முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டே சொன்னான். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன் மாமா. அவன் கேக்கலியே."

புள்ளிகள் எழுதிய கரும்பலகை ஒரு நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் கணக்கை அழித்துவிட்டு, பழைய கணக்கைக் கேட்டு எழுதச் சொன்னார். அப்போதுதான் ஊர் கை தட்டியது. முதல்வர் மாலையைச் சென்னைக் கேப்டனுக்குப் போட்டார். வாங்கிய மாலையை வீணாக்க முடியாதல்லவா.

ஆக, தோற்றோம். பேசியபடி மறுநாள் காலை நான் தோணி ஏற வேண்டும். சாயங்காலமே ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. முறை தப்பி வலை போட்டவனுக்கு எங்கள் ஊரில் என்ன தண்டனையோ அதுவே எனக்கும். அந்தப் பருவம் முழுக்க நான் ஏரியில் இறங்கக் கூடாது. எந்தத் தோணியிலும் என்னை ஏற்றக் கூடாது. தீர்ப்பைப் படித்தவர் என் அப்பா. படித்து முடித்த பிறகுதான் தன் தோணியும் அதில் அடக்கம் என்பது அவருக்கு உறைத்தது. வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "தோணிக்கும் ஆவல. சும்மா ஒக்கார வச்சி சோறு போடவும் முடியாது. நீ காலேஜுக்கே போய்த் தொலை."

தடை முடிந்த பிறகும் என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள ஒரு தோணியும் தயாராக இல்லை. எனவே பட்டம் வாங்கினேன். பொன்னேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே யார் முறை என்பதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்பதால் முன்னுக்கும் வந்துவிட்டேன்.

இதையெல்லாம் மலருக்கு ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். ‘ஒல்லாந்தர் காலம் தொட்டே விளையாட்டு உணர்வு ஊறிய மண்’ என்று பேராசிரியர் கேட்ட இரண்டு வரியையும் சேர்த்தேன். மலர் வந்தது. அந்த இரண்டு வரி மட்டும் இருந்தது.

என் அப்பாவுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் பேரனுக்கு ஆட்டம் என்றால் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறார், தோளில் துண்டோடு. எனக்கு ஏன் தூக்கம் போகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஏழுமலை ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறான். எங்கள் வீட்டில் அன்று மடவை மீன் வறுவல். போன வாரம் தட்டில் கடைசித் துண்டு ஒன்று மிஞ்சியது. நான் கையை நீட்டினேன். மனைவி என்னைப் பார்த்தாள், மகன் பார்த்தான், மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். கையை இழுத்துக்கொண்டேன். பட்ட அடி போதும்.

"ஏழுமல, இத நான் எடுத்துக்கட்டுமா?"

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இன்னாடா, கேட்டா குடுப்பேன்னு சொன்ன?"

"அது அந்தப் பந்துக்கு" என்றான், முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தபடி.