ஆஃப் அக்கா வீட்டு மாடியில்

எல்லார் வீட்டிலும் கரண்ட் மீட்டர் ஓடும். ஆஃப் அக்கா வீட்டில் மட்டும் அது நடக்கும். சில நாள் உட்கார்ந்தும்விடும். கொடைக்கானல் மலையில் அவரைவிடக் குறைந்த செலவில் குடித்தனம் நடத்தியவர் யாராவது இருந்தால், அவர் குகைக்குள்தான் இருந்திருக்க வேண்டும். அவருக்கும் விறகுச் செலவு கொஞ்சம் கூடுதலாகவே ஆகியிருக்கும்.

ஆஃப் அக்கா என்பது தெரு வைத்த பெயர். அட்டுவம்பட்டியில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். ஞானஸ்நானப் பெயர் வேறு. வாடகை ஒப்பந்தத்தில் அதைப் பார்த்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டுக்காரரே, "இது யாருங்க?" என்று கேட்டார்.

மிஷன் பள்ளி ஒன்றின் மாணவியர் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு மணியடித்ததும் அறை அறையாகப் போய் விளக்கணைப்பது அவருடைய உத்தியோகம். அவர் ஓய்வு பெற்றார், அவருடைய கை பெறவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பார், அப்புறம்தான் மனிதரைப் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் ஹாலில் இரண்டு டியூப்லைட்டை அணைத்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே மூடுபனி விலகிச் சன்னல் வழியே வெயில் விழுந்திருக்கிறது. அக்கா எழுந்து போய் மெயினையே இறக்கிவிட்டார். மைக் நின்றது. அதோடு பிரசங்கமும் நின்றது. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஆசீர்வாதம் போல வேறு யாருக்கும் அந்தச் சபையில் கிடைத்ததில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டு மாடிக்குத்தான் நானும் என் மனைவி செல்வியும் திண்டுக்கல்லிலிருந்து குடிவந்தோம். செல்விக்கு இங்கே ஒரு பள்ளியில் நூலகர் வேலை. எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் நடக்கிற வேலை. கீசர், ஃப்ரிட்ஜ், மிக்ஸி ஆகியவற்றோடு வரும் கையேடுகளைத் தமிழாக்கம் செய்கிறேன். 'மின்சாரத்தைச் சேமிக்கச் சில வழிகள்' என்ற பக்கத்தை மட்டும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் அதை என்னைவிட அதிகமாக எழுதியவர் கிடையாது. என்னைவிடக் குறைவாகப் படித்தவரும் கிடையாது.

திண்டுக்கல் உடம்பு மலைக் குளிரைக் கண்டதும் பயந்துவிட்டது. கீசர் காலையில் ஏறினால் மதியம்தான் இறங்கும். ஹால் ஹீட்டர், படுக்கையறை ஹீட்டர், என் கால்களுக்கென்று மேசைக்கடியில் ஒரு குட்டி ஹீட்டர். போர்வைக்கும் பிளக் வைத்த ஒன்று வாங்கினேன். முதல் கரண்ட் பில் போனில் வந்தபோது, தெரு முழுவதற்கும் சேர்த்து எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அந்த வாரமே எங்கள் கம்பெனியிலிருந்தும் தகவல் வந்தது. இனிமேல் மொழிபெயர்ப்பை மெஷின் பார்த்துக்கொள்ளும். நான் மேலோட்டமாகத் திருத்தினால் போதும். சம்பளமும் அதே மாதிரி மேலோட்டமாக வரும்.

செல்வி பில்லையும் அந்த மெயிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "கேஸு, கரண்டு, நெட்டு, தண்ணி வண்டி எல்லாம் கொடுத்தா என் சம்பளத்துல வாடகைக்கு மிஞ்சாது. இப்படியே போனா நான் இங்க ஹாஸ்டல்ல தங்குறேன், நீங்க திண்டுக்கல்லுக்குப் போங்க," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் தனித்தனி ஊரில் இருந்ததில்லை.

வாடகைக்குக் கொஞ்சம் தவணை கேட்கலாம் என்று கீழே இறங்கினேன். அக்கா வீட்டு ஹால் வழக்கம்போல இருட்டாக இருந்தது. கட்டிலில் கம்பளியும் அதன் மேல் ஒரு கம்பளியும் போர்த்தி, யாரோ சின்னப்பிள்ளை படுத்திருந்தது. தலைக்கு உல்லன் குல்லாய்கூட மாட்டியிருந்தது. சொந்தக்காரர் பிள்ளையாக இருக்கும், காய்ச்சல் போல என்று நினைத்து, நான் செருப்பைக் கையில் பிடித்தபடி நுனிக்காலில் போய் உட்கார்ந்து, கிசுகிசுவென்று என் கதையைச் சொன்னேன். அக்காவும் குனிந்து கிசுகிசுவென்றே பதில் சொன்னார். சம்பளம் குறைந்த கதை, பில் வந்த கதை, செல்வி சொன்னது, எல்லாம் ரகசியக் குரலிலேயே ஓடியது. கடைசியில் அக்கா கேட்டார்:

"ஏன் தம்பி, தொண்டை கட்டிருக்கா?"

"இல்லக்கா. பிள்ளை தூங்குதுல்ல."

அக்கா கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "அது பட்டர் பீன்ஸுங்க," என்றார்.

ஒரு கொதி வந்ததும் குக்கரை இறக்கி, கம்பளியில் சுற்றி வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற சூட்டிலேயே வெந்துவிடுமாம். கேஸ் மிச்சம். "இந்தக் குளிருல அதுக்கும் காது அடைக்கும்ல, அதான் குல்லா," என்றார். இன்றுவரை அதைக் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

வாடகையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "காசு கெடக்கு, வரும்போது குடுங்க. மொதல்ல உங்க வீட்டைப் பார்க்கணும்," என்று எழுந்தார். நல்ல வியாதி கிடைத்த டாக்டரின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

மாடியேறி வந்தவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "யாருக்குக் கல்யாணம், இம்புட்டு லைட்டு எரியுது?" என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார்.

"இது எதுக்கு?"

"பால், தயிர் கெட்டுப்போகாம..."

"வெளிய கர்த்தர் மலை முழுக்கச் சும்மா குளிரை வச்சிருக்காரு. நீங்க பெட்டிக்குள்ள கொஞ்சம் குளிரை விலைக்கு வாங்குறீங்க," என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கினார்.

நியாயமாகத்தான் பட்டது. சன்னலுக்கு வெளியே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, பால், வெண்ணெய், முட்டை, செல்வி ஆசையாக வாங்கி வைத்திருந்த சீஸ் எல்லாவற்றையும் அடுக்கினேன். அக்கா வீட்டுப் பெட்டிக்குக் கம்பிவலையும் கொக்கியும் உண்டு. அந்த விவரம் எனக்குத் தேவைப்படவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து பார்த்தால், எதிர்வீட்டுத் தகரக் கூரையில் ஒரு குரங்குக் குடும்பம் காலை உணவில் இருந்தது. பெரிய குரங்கு சீஸை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் நன்றி இருந்ததாகச் சொல்ல முடியாது.

அடுத்தது கீசர். அக்கா மொட்டைமாடியில் கறுப்பு டிரம் ஒன்று வைத்திருந்தார். வெயிலில் தண்ணீர் சூடாகும். வெயில் வந்தால் குளியல், வராவிட்டால் ஜெபம். நானும் ஒரு டிரம் வாங்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்து ஏற்றினேன். அன்று மதியம் இறங்கிய மூடுபனி பல நாள் கிளம்பவில்லை. டிரம் எங்கே இருக்கிறது என்றே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் பிடிவாதமாகக் காத்திருந்தேன். செல்வி பள்ளியிலிருந்து வந்து வாசலிலேயே நின்று, "ஒண்ணு கீசரைப் போடுங்க, இல்ல நீங்க டிரம்மோட மேலயே இருங்க," என்றாள். நூலகத்தில் ஓயாமல் 'அமைதி' என்று சொல்லிப் பழகியவள். சத்தம் போடாமலே ஆளை ஒடுக்கத் தெரியும்.

இரண்டாவது பில் வந்தது. கரண்ட் உண்மையிலேயே பாதியாக இறங்கியிருந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு செல்வியிடம் காட்டினேன். அவள் நிதானமாக எண்ண ஆரம்பித்தாள். டிரம், பெயின்ட், பெட்டி, குரங்கு உடைத்த பாத்திரங்கள், பீன்ஸைச் சுற்ற வாங்கிய கம்பளி, இருட்டில் நான் நாற்காலியில் இடித்துக்கொண்ட கால் சுண்டுவிரலுக்கு எடுத்த எக்ஸ்ரே. மிச்சம் பிடித்ததைவிட மிச்சம் பிடிக்கச் செய்த செலவு பெரிதாக இருந்தது.

"அக்கா செஞ்சா சிக்கனம். நீங்க செஞ்சா முதலீடு," என்றாள்.

அவமானத்தோடு கீழே போய்ச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. மார்கழிக் குளிர் சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, மேல ஒரு ஹாலு, கீழ ஒரு ஹாலு. மேல ஒரு அடுப்பு, கீழ ஒரு அடுப்பு. எதுக்கு? சாயங்காலம் ரெண்டு பேரும் வெரசா கீழ வந்துருங்க. ஒரு லைட்டு, ஒரு கணப்பு, ஒரு சோறு. எனக்கு ஒருத்திக்கு எரியிறதுல மூணு பேரு இருக்கலாம். செலவு ஏறாதுல்ல."

எனக்குத் தெரிந்து அக்கா செலவைக் குறைக்கச் சொன்ன யோசனைகளில் எதுவும் பிடுங்காமல், அணைக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே இறங்கினோம். கணப்பு என்றால் பழைய இரும்புச் சட்டியில் கொஞ்சம் கரி. அதைச் சுற்றி மூன்று நாற்காலிகள். அக்கா விடுதிக் கதைகள் சொன்னார். விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் அடித்துக் கதை படித்த பிள்ளைகளை அவர் எப்படிப் பிடிப்பார் என்று நடித்துக் காட்டினார்.

"பிடிச்சு என்னக்கா செய்வீங்க?" என்று செல்வி கேட்டாள்.

"புஸ்தகத்தைப் பிடுங்கி, மீதியை நான் படிச்சிட்டு, காலையில கதை முடிவைச் சொல்லிருவேன். அதைவிட தண்டனை உண்டா?"

செல்வி அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. பூம்பாறைப் பூண்டு போட்டு அக்கா வைத்த ரசம் ஆளுக்கு ஒரு டம்ளர் உள்ளே போனதும், குளிர் என்பதே ஊரில் பரப்பிய வதந்தி மாதிரி ஆகிவிட்டது. மேலே எங்கள் வீட்டில் ஒன்றும் எரியவில்லை. நாங்கள் அங்கே இருந்தால்தானே எரிவதற்கு.

மூன்றாவது பில் வந்தபோது செல்வி என் திண்டுக்கல் பயணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

சில மாதம் கழித்துக் கம்பெனியும் முழு மொழிபெயர்ப்புக்கே என்னைத் திரும்பக் கூப்பிட்டது. ஒரு கீசர் கையேட்டில், சுத்தம் செய்யும் முன் டாங்கைக் காலி செய்யவும் என்பதை, 'பீரங்கி வண்டியிலிருந்து அனைவரும் வெளியேறவும்' என்று மெஷின் எழுதிவிட்டதாம். வாங்கியவர்கள் போன் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஏறக்குறைய பழைய சம்பளமே வந்தது. அக்காவுக்கு வாடகைப் பாக்கியைக் கொடுத்தோம். இனி ஹீட்டர் போட்டுக்கொண்டு மேலேயே இருக்கலாம். ஒருநாள் போட்டும் பார்த்தோம். இருவரும் சோபாவில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் செல்வி எழுந்து, "கரண்டு வீணாப் போகுதுங்க," என்று ஹீட்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். நானும் அவள் பின்னால் இறங்கினேன்.

போன வருடம் அக்காவுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை. மதுரையில் தங்கை வீட்டில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா போன பிறகு தெருவில் பல பேருக்கு அவர் ஊரில் இல்லை என்பதே தெரியாது. அவர் இருந்தாலும் அந்த வீடு இருட்டாகத்தானே இருக்கும். எங்களுக்கு மட்டும் அந்த இருட்டு வேறு மாதிரி இருந்தது. சாயங்காலமானால் பாதிப் படி வரை இறங்கிவிட்டு, ஞாபகம் வந்து திரும்பி ஏறுவேன். அவரிடமிருந்து அவ்வப்போது மிஸ்டு கால் வரும். ஒரு ரிங் வந்தால் நலம் என்று அர்த்தமாம். எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான் என்று நானே கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "பழக்கம் கெட்டுரும் தம்பி," என்று உடனே வைத்துவிட்டார்.

அவர் திரும்பி வரும் நாளன்று மூடுபனி. கால் தடுக்கக் கூடாதே என்று அவர் வாசல், ஹால், நடை எல்லாவற்றிலும் விளக்கைப் போட்டு வைத்தோம். பாதி இடத்தில் பல்பே இல்லை, வாங்கி மாட்டினேன். வத்தலக்குண்டு வழியாக வந்த கார் நின்றது. அக்கா ஊன்றுகோலோடு இறங்கி நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை.

"ஆளு இங்க நிக்கிறேன். உள்ள யாருக்கு எரியுது?"

ஆளுக்கொரு கையாகப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். மெலிந்திருந்தார். மூச்சு வாங்கி முடித்ததும் என்னைப் பார்த்து, தாடையால் சுவரைக் காட்டினார். நான் ஒவ்வொன்றாக அணைத்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து அக்கா சொன்னார்: "இப்பதான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.