கவலைப்பட ஆளில்லாத வீடு

விழுப்புரத்தில் செல்போன் கடையும் குடும்பமுமாகச் செழிப்போடு இருக்கும் என் அன்பு மச்சான் தமிழ்மணிக்கு, கிளியனூருக்குப் பக்கத்திலிருந்து உன் மாமா சின்னதுரை ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதினேன், நம்பிவிடாதே. அங்கு நீயும், உன் மனைவி இளவரசியும், முக்கியமாக உன் வீட்டுக்கு வந்திருக்கும் உன் அக்காவும் என் வீட்டுக்காரியுமான கெங்கம்மாளும் நலமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைப்பாய். என்ன செய்வது, உனக்குப் போன் போட்டால் மணி அடிக்காமலே நின்றுவிடுகிறது. டீக்கடை விருத்தாசலத்திடம் காட்டினேன். “உன் மச்சான் உன்ன பிளாக் பண்ணிக்கிறாருய்யா” என்றான். எதிர்மறையாகப் பேசுகிறவர்களைத் தள்ளி வையுங்கள் என்று நீ என்னைச் சேர்த்துவிட்ட அந்த நல்லெண்ணப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது எனக்கும் நினைவிருக்கிறது. உன் அக்காவும் போனை அணைத்து வைத்திருக்கிறாள். அதனால்தான் தபால்.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் கவலைப்படுவது என் வேலை. சிலிண்டர் மூடியிருக்கிறதா, மாடு கட்டியிருக்கிறதா, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, எல்லாம் நான்தான். அதைப் பார்த்துத்தானே நீ “உங்க வாயில ஒரு நல்ல வார்த்த வராதா மாமா? நெனப்ப மாத்துனா வாழ்க்கையே மாறும்” என்று சொல்லித் திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தாய். பயிற்சி கொடுத்த சித்தார்த்தன் ஐயா கோட்டுப் போட்டு வேர்த்துக்கொண்டே “நான் நல்லா இருக்கேன்னு சத்தமா சொல்லுங்க” என்றார். எனக்குப் பக்கத்தில் பல்வலியோடு வந்திருந்த ஒருவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் எல்லார் கையிலும் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டார்கள். கெட்ட எண்ணம் வரும்போதெல்லாம் இழுத்துச் சுண்ட வேண்டுமாம். மற்றவர்களுக்கு எப்படியோ தெரியாது, நான் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள், பஸ் வருமா, வந்தால் இடம் கிடைக்குமா, கிடைத்தால் டயர் நல்ல டயரா என்று சுண்டிச் சுண்டியே மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஊரில் கம்பவுண்டர் பார்த்துவிட்டு என்ன பூச்சி கடித்தது என்று கேட்டார்.

இருந்தாலும் நீ ஆசைப்பட்டாயே என்று விடாமல் செய்தேன். நம் பக்கத்தில் விளைச்சலைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். பயிர் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் “எங்கங்க, ஏதோ இருக்குது” என்பதுதான் பதில். கேட்டவரும் “எல்லாருக்கும் அப்பிடித்தான்” என்று தலையாட்டிவிட்டுப் போவார், இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி. அன்றைக்கு விருத்தாசலம் நம் வேர்க்கடலையைப் பற்றிக் கேட்டதும் நான் வகுப்பை நினைத்துக்கொண்டு, “இந்த வாட்டி மல்லாட்டை பிரமாதம்யா, கொள்ளையா காய் வச்சிருக்குது” என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. “உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?” என்றான். சாயங்காலத்துக்குள் ஊரே நிலத்துக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு செடியைப் பிடுங்கி, காயை உரித்து மென்றுகொண்டே “அடேங்கப்பா” என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். உன் அக்கா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். துளி நெடி வரவில்லை. “எம்மாங் கண்ணு பாரு” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுச் சவுரிராயனுடைய மாமியார் தவறிப்போனார். பந்தலுக்கு நிழல் போதவில்லை என்றார்கள், நம் வீட்டில் இருந்த ஒரே தார்ப்பாயைத் தூக்கிக்கொடுத்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எந்தத் துன்பத்திலும் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்து, சவுரிராயன் தோளைத் தொட்டு, “இதுலயும் ஒரு நல்லது இருக்கும்ணே, யோசிச்சுப் பாருங்க” என்றேன். அவர் யோசித்துப் பார்த்தார். பாவம், மாமியாரோடு பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். அவர் மனைவி இன்றுவரை அவரோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. தார்ப்பாயும் அங்கேயே நின்றுவிட்டது.

மேலக்கொல்லையில் மல்லாட்டையைப் பிடுங்கிக் காயப் போட்டிருந்தபோது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பழைய சின்னதுரையாக இருந்தால் சவுரிராயன் மனைவி காலில் விழுந்தாவது தார்ப்பாயை வாங்கி வந்திருப்பேன். நானோ நிலத்துக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி, சுள்ளென்று வெயில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாய்யா, மானம் இருட்டிக்கினு வருது, நீ கண்ண மூடிக்கினு நிக்கிற? ஜல்தி ஓடு” என்றாள் உன் அக்கா.

“வெயில நெனச்சிக்கினு இருக்கேன், குறுக்கப் பேசாத” என்றேன்.

கொட்டித் தீர்த்துவிட்டது மச்சான். அடுத்த நாளும் விடவில்லை. பிடுங்கிப் போட்ட காயெல்லாம் செடியிலேயே முளை விட்டுவிட்டது. அதற்குக்கூட உன் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் முடிந்துபோனது அதற்கு அப்புறம்தான்.

அவள் கழுத்தில் சின்னதாகக் கட்டி இருக்கிறது என்று ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் அல்லவா, முடிவு வர நாளாகும் என்று சொன்னார்களே, அதையே நினைத்துக்கொண்டு சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். “கெட்ட கட்டியா இருந்தா இன்னாய்யா பண்றது?” என்று கேட்டாள். நான் ரப்பர் பேண்டைச் சுண்டினேன். “அந்த வார்த்தையே வாயில வரக்கூடாது. நல்லதே நெனை” என்றேன்.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “இத்தினி வருசமா எனக்கும் சேத்து நீயே பயந்துக்கினு கெடந்த. அது பேஜாருதான், ஆனா நான் நிம்மதியாத் தூங்கினேன். இப்ப நான் ஒண்டியா பயந்துக்கினு இருக்கேன். கூட பயப்பட ஒரு ஆளு இல்ல” என்றாள். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறிவிட்டாள்.

மச்சான், நான் பயப்படாமலா இருந்தேன்? அந்த ரப்பர் பேண்டுக்குக் கீழே முழுக்கப் பயம்தான். அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எனக்கு உலை வைக்கத் தெரியாது, விதைப்பயிறு எந்தப் பானையில் இருக்கிறது என்று தெரியாது, பேசுவதற்கு ஆளும் கிடையாது. அதை அவளிடம் சொல்லாமல் சுண்டிச் சுண்டிக் காலத்தைக் கழித்துவிட்டேன். இப்போது வீட்டில் சோறு குழைகிறது, மாடு என்னைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்க்கிறது. ரப்பர் பேண்டைக் கழற்றிக் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் போட்டுவிட்டேன். நேற்று பொழுது பூராவும் அந்தக் கட்டியைப் பற்றியே கவலைப்பட்டேன், அவள் பங்கையும் சேர்த்துப் பட்டேன். இதை அவளிடம் சொல். மாமா பழையபடி ஆகிவிட்டார், இனி ஒரு நல்ல எண்ணமும் நினைக்க மாட்டார், நீ போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லி அனுப்பிவை. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம். மேல்மலையனூர் அங்காளம்மன் உங்களைக் காக்கட்டும். வருகிற அமாவாசைக்கு அவளோடு வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அம்மனிடம் வகுப்பில் சொன்னது எதையும் சொல்லவில்லை, நேராக அழுதுவிட்டேன்.

இப்படிக்கு,
உறக்கம் கெட்ட உன் மாமா,
சின்னதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உன் அக்காவிடமிருந்து போன் வந்தது. கெட்ட கட்டி இல்லையாம், மாத்திரையிலேயே சரியாகிவிடுமாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் அவள் சொன்னதுதான் விஷயம். “தம்பி இங்க என்னையும் அந்த வகுப்புல சேத்துவுட்டான்யா. நல்லதே நெனச்சேன், நல்லதே வந்துச்சு. நீ சொன்னத நான்தான் புரிஞ்சிக்கல. வகுப்பு முடிச்சிக்கினு வெள்ளிக்கெழம வந்துடறேன். இன்மே நம்ம வூட்ல கெட்ட பேச்சே கெடையாது” என்றாள். சரி சரி என்று அழுதுகொண்டே சொன்னேன். ஆகவே மேலே எழுதியிருப்பதையெல்லாம் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள், அவள் கண்ணில் காட்டாதே. மாமா நல்ல எண்ணத்தோடு இருக்கிறார் என்றே சொல். நீ இன்னும் பிளாக்கை எடுக்கவில்லை என்பதால் ஒரு உபகாரத்தையும் இதிலேயே கேட்டுவிடுகிறேன். கீழக்கொல்லை மல்லாட்டையை இனிமேல்தான் பிடுங்க வேண்டும், மேற்கே மறுபடியும் கறுக்கிறது. வெள்ளிக்கிழமை அவளிடம் ஒரு தார்ப்பாய் கொடுத்தனுப்பு. எதற்கு என்று கேட்டால் வெயிலுக்கு என்று சொல்.