கென்யாவுக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி

இந்த ஜென்மத்தில் கென்யாவுக்குப் போவதில்லை என்று ராஜவேலு தீர்மானம் செய்தபோது காலை மணி ஆறேகால். பல் துலக்கிக்கொண்டிருந்தார். தீர்மானம் உறுதியானதுதான். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. அந்த இடைவெளியில் தேவயானி முந்திக்கொண்டாள்.

“இன்னாங்க, கனிமொழி மறுபடியும் போன் பண்ணா. ஆகஸ்ட்ல வரச் சொல்றா. அப்பதான் மிருகமெல்லாம் கூட்டம் கூட்டமா ஆத்தத் தாண்டுமாம்.”

ராஜவேலு அவசரமாகக் கொப்பளித்தார்.

“நம்ம நந்தி ஆத்த நாய்கூடத் தாண்டுது. அதப் பாக்க எவன் ஏரோப்ளேன் ஏறி வரான்?”

“அந்த ஆத்துல முதலை கீதுங்க.”

“அப்ப நான் எதுக்கு அங்க?”

கனிமொழி அவர்களுடைய ஒரே மகள். நைரோபியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து, திருத்தணியைவிடக் கென்யாவின் வரைபடம் தேவயானிக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

ராஜவேலு கரும்பு ஆலையின் எடைமேடையில் முப்பது வருஷம் லாரிகளை நிறுத்தி எடை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னை மட்டும் எந்த எடைமேடையிலும் நிறுத்திக்கொண்டதில்லை. சர்க்கரை முந்நூறைத் தொட்டதும் டாக்டர் தினம் நடக்கச் சொன்னார். “நாளையிலேர்ந்து நடக்கறேன் சார்” என்றார் ராஜவேலு. அந்த நாளைக்கு நான்கு வயதாகிவிட்டது.

ஆனால் அவர் கென்யாவை மறுத்ததற்குக் காரணம் சர்க்கரையும் இல்லை, முதலையும் இல்லை. தரையிலிருந்து கிளம்பி ஆகாயத்தில் நிற்கிற எதுவும் அவருக்குப் பயம். ஒரு ஆடிக் கிருத்திகைத் திருவிழாவில் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தவர், அது அசைவதற்கு முன்பே “நிறுத்துப்பா!” என்று அலறியிருக்கிறார். குழந்தைகள் சிரித்தன. வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்தார். இந்த ரகசியத்தை முப்பத்திரண்டு வருஷமாக மனைவியிடமிருந்து காப்பாற்றிவந்தார். அல்லது, காப்பாற்றிவருவதாக நம்பினார்.

பக்கத்து வீட்டு வீரபத்திரனிடம் மட்டும் மதில்மேல் சாய்ந்து மனசைத் திறந்தார். வீரபத்திரன் பஸ் கண்டக்டராக இருந்தவர். வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ். தேவயானியை அக்கா என்பார், அக்கா புருஷன் என்ற முறையில் ராஜவேலுவைப் பாவா என்பார்.

“போவ வாணாம்னு நேரா சொல்லிடட்டா, வீரபத்திரா?”

“ஐயோ பாவா, அப்படிச் சொன்னா நீதான் கெட்டவன். நடக்காத கண்டிஷன் ஒண்ணு போடு.”

“இன்னா கண்டிஷன்?”

“அக்காவுக்கு முட்டி வலி கீதில்ல? ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, தெனம் மலைக்குப் படியேறச் சொல்லு. முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. மூணாவது நாளே உக்காந்துடும். பழி உன்மேல வராது. முட்டிமேல போயிடும்.”

ராஜவேலு மதிலைத் தாண்டிப் போய் அவரைக் கட்டிக்கொள்ளாததற்குக் காரணம் மதிலின் உயரம்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அறிவித்தார்.

“தேவயானி, நல்லா யோசிச்சேன். போலாம்.”

“நெஜமாவா?”

“ஆங். ஆனா அங்க காடு மேடெல்லாம் நடக்கணும். உன் முட்டி தாங்குமான்னு எனக்குத் தெரியணும். ஒரு மண்டலம் தெனம் படியேறி முருகனக் கும்புடு. ஒரு நாளு தப்பினாலும் கென்யா கெடையாது.”

தேவயானி ரசத்தை ஊற்றிவிட்டு, “சரிங்க, நீங்க சொன்னா சரி” என்றாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராஜவேலு அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ரசம் நன்றாக இருந்தது. விட்டுவிட்டார்.

“ஆனா ஒண்ணு. நான் ஏறினேன்னு யாரு சாட்சி? கீழயே நின்னு டீ குடிச்சிட்டு வந்து, ஏறிட்டேன்னு பொய் சொன்னா?”

“அதானே!” என்றார் ராஜவேலு. தனக்குத் தோன்றாத சந்தேகத்தை அவளே எடுத்துக் கொடுத்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“அப்ப நீங்களும் கூட வாங்க.”

“நானா?”

“நீங்க ஒண்ணியும் ஏற வாணாங்க. சும்மா கூட வந்தா போதும்.”

ஏறாமல் எப்படிக் கூட வருவது என்ற கேள்வி அவருக்கு ஐம்பதாவது படியில்தான் எழுந்தது. அப்போது அதைக் கேட்க மூச்சு இல்லை.

ஜூன் மாதத்து விடியல். தேவயானி முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக வைத்து ஏறினாள். வேகம் இல்லை, நிறுத்தமும் இல்லை. முதல் மண்டபம் வந்ததும் உட்கார்ந்தாள். ராஜவேலு பக்கத்தில் சரிந்தார்.

“திரும்பிடலாமா? முட்டி வலிக்குதா?” என்றார் ஆசையோடு.

“அங்க ஒரு எடம் கீதாங்க. தரையே பொளந்து கெடக்குமாம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் பள்ளம். பள்ளத்துல ஒரு ஏரி. ஏரி பூரா ரோஸ் கலரு.”

“தண்ணி எப்படிடி ரோஸ் கலரா இருக்கும்?”

தேவயானி எழுந்தாள். “அடுத்த மண்டபத்துல சொல்றேன்.”

தண்ணீர் இல்லை, பறவைகள் என்று தெரிந்துகொள்ள அவர் இன்னும் எழுபது படி ஏற வேண்டியிருந்தது.

தினம் இப்படியே நடந்தது. ஒட்டகச்சிவிங்கி ஒரு வீட்டின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டும். நீட்டி என்ன செய்யும் என்பது மேலே இருக்கும். யானைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மலை நிற்கும். அந்த மலையின் தலையில் என்ன என்பது இன்னும் மேலே இருக்கும்.

“பனியா? அந்த வெயில்லயா? கத வுடாத.”

“வந்து பாருங்க.”

“பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல நீ படியப் பாரு.”

வீரபத்திரன் சொன்னதுபோல் மூன்றாம் நாள் அவள் உட்கார்ந்துவிடவில்லை. ஏழாம் நாளும் உட்காரவில்லை. ராஜவேலுவுக்குத்தான் கெண்டைக்கால் இரண்டும் இறுகிப்போய், கழிவறைக்குப் போவதே யாத்திரையாகிவிட்டது. பதினோராம் நாள் ஒரு தந்திரம் செய்தார். “நீ முன்ன போ, செருப்பு அறுந்துடுச்சி, தெச்சிகினு வரேன்” என்று அவளை அனுப்பிவிட்டு, மலைப்பாதையில் ஆட்டோ பிடித்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். குழாயைத் திறந்து முகத்திலும் சட்டையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வியர்த்தவர் மாதிரி நின்றார்.

தேவயானி ஏறி வந்தாள். அவரைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள்.

“வேத்துடுச்சா?”

“ஆங்... ஓடியாந்தேன்ல.”

“முதுகுல வேக்கவே இல்லியே.”

மறுநாள் காலையில் சொன்னாள். “சாட்சி இல்லாம ஏறினது சாமிக்கு ஆவாதுங்க. பதினோரு நாளும் போச்சு. இன்னைக்குத்தான் ஒண்ணு.”

ராஜவேலு உள்ளுக்குள் துள்ளினார். தானாகவே பதினோரு நாளைத் தூக்கி எறிகிறாளே, பைத்தியக்காரி! மதிலோரம் போய் இதைச் சொன்னபோது வீரபத்திரனுக்கு ஏனோ பெரிதாக இருமல் வந்தது.

மறுபடி எண்ணிக்கை ஏறியது. ராஜவேலுவின் வயிறு இறங்கியது. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. ஒரு நாள் மூன்றாவது மண்டபம் வரை உட்காராமல் வந்துவிட்டதை அவரே கவனித்து, பயந்துபோய் உட்கார்ந்துகொண்டார். ஆடிக் கிருத்திகை அன்று பூக்காவடிக் கூட்டத்தின் நடுவே, ஆந்திராவிலிருந்து நடந்து வந்தவர்களின் தோளோடு தோள் உரச இருவரும் ஏறினார்கள். அன்றுதான் அவள் மாடுகளின் கதையை ஆரம்பித்தாள்.

“மாட்டு மூஞ்சி, குதிர வாலு, நம்ம வீரபத்திரனாட்டம் தாடி. லட்சக்கணக்குல ஆத்தங்கரைக்கு வந்து நிக்குமாம். எதிர்க்கரையில பச்சப் புல்லு. நடுவுல முதலை. மொத அடிய யாரு வெக்கறதுன்னு ஒண்ண ஒண்ணு பாத்துகினு நிக்குமாம். ஒரு நாளு முழுக்கக்கூட நிக்குமாம்.”

“அப்பால?”

“ஏதோ ஒண்ணு குதிச்சிடும். அப்பால எல்லாமே குதிச்சிடும்.”

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள். ஊரும் குளமும் ரயில் பாதையும் விடியற்காலை மூட்டத்தில் பாதி அழிந்திருந்தன. அந்தப் பாதையில் போகிற ரயில்களின் சத்தத்தை அவள் ஐம்பத்தாறு வருஷமாகக் கேட்டுவருகிறாள். போனது காஞ்சிபுரம், திருப்பதி, ஒரு முறை மதுரை. அவ்வளவுதான்.

“நம்ம சாமியோட கல்லு ஆனையே சன்னிதியப் பாக்காம வெளியப் பாத்துகினு நிக்குது. ஒரு தரம் நானும் பாக்கறேனே” என்றாள்.

ராஜவேலுவின் நினைப்பெல்லாம் கரையிலேயே நிற்கிற அந்த மாட்டின்மேல் இருந்தது. குதிக்கிற மாடு இல்லை, நிற்கிற மாடு. அதன்மேல் அவருக்குக் காரணம் தெரியாத ஓர் இரக்கம் வந்தது. காரணம் தெரிந்துவிடும் போலிருந்ததால் சீக்கிரமாக எழுந்து ஏறினார்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. தேவயானி கடைசிப் படியில் கற்பூரம் ஏற்றிவைத்து, முட்டியைத் தட்டிக்கொடுத்தாள். ராஜவேலு கடைசி ஆயுதத்தை உருவினார்.

“தேவயானி, இப்பதான் ஞாபகம் வருது. எனக்கு சர்க்கரை கீதே. இவ்ளோ சர்க்கரையோட பிளேன் ஏறக்கூடாதுன்னு டாக்டரு...”

அவள் பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

“போன வாரம் இலவச முகாம்னு கூட்டினு போனேனே, அதோட ரிசல்ட்டு. நூத்தி முப்பது. ‘உங்க வீட்டுக்காரரு இனிமே எங்க வேணாலும் போலாம்மா’ன்னு டாக்டரே சொன்னாரு.”

ராஜவேலு தூணைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆரோக்கியம் அவருக்குத் தலைசுற்றலைக் கொடுத்தது. அப்போதுதான், அடிபட்ட மனசின் எந்த மூலையிலிருந்தோ, ஒரு மகத்தான யோசனை வந்தது. தியாகம்!

“இல்ல தேவயானி. வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் போவக்கூடாது. நீ மட்டும் போய்ட்டு வா. எனக்கு ஆசதான். இருந்தாலும் உனக்காக நான் இங்கியே இருக்கறேன்.”

குரல் தழுதழுத்தது. கொஞ்சம் நடிப்பு, கொஞ்சம் நிஜம். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இன்னொரு காகிதத்தை எடுத்தாள்.

விமான டிக்கெட். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி. சென்னை, நைரோபி. பயணி: தேவயானி ராஜவேலு. ஒருவர்.

“ஒண்ணுதான் கீது?”

“ஒண்ணுதாங்க போட்டோம்.”

“இது எப்ப போட்டது?”

“மே மாசம். அம்பத்தூர் கல்யாணத்துக்குப் போறேன்னு போனேனே, அன்னைக்கே அந்த ஊருக்குப் போறவங்களுக்குப் போடற ஊசியும் போட்டுகினு வந்துட்டேன்.”

“மே மாசமா? நான் கண்டிஷன் போட்டதே ஜூன் மாசம்டி! அப்ப இந்தப் படி?”

“படி உங்களுக்குங்க. நடன்னு டாக்டரு நாலு வருஷமா சொல்றாரு, நானும் சொன்னேன். கேட்டீங்களா? முந்நூறு சர்க்கரையோட உங்கள ஒண்டியா உட்டுட்டு இருபது நாளு நான் எப்படிங்க நிம்மதியா சிங்கம் பாக்கறது?”

“மண்டலம்னு சொன்னது வீரபத்திரன்...”

“வீரபத்திரனுக்குச் சொல்லிக் குடுத்ததே நானுதான். பாவம், அது சரியா சொல்லுமோ சொல்லாதோன்னு நானு அடுப்படி ஜன்னல்லயே நின்னுகினு இருந்தேன்.”

ராஜவேலு கற்பூரம் அணைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் போட்ட கண்டிஷனில் தானே முந்நூற்று அறுபத்தைந்து படியை நாற்பத்தெட்டு தரம் ஏறியிருக்கிறோம், அதற்குமுன் ஒரு பதினோரு தரம், அதில் ஒன்று ஆட்டோ என்பது மெதுவாக உறைத்தது. கோபப்படப் பார்த்தார். வரவில்லை. படியேறி ஏறி, கோபத்துக்கு வேண்டிய இரத்த அழுத்தமும் குறைந்திருந்தது.

“ராட்டினம் ஏறாத ஆளு பிளேன் ஏறுவாரான்னு எனக்குத் தெரியாதா?” என்றாள் மெல்ல. அதில் கேலி இல்லை.

பதினெட்டாம் தேதி மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், ஒரு தடவை திரும்பிப் பார்த்து, அவள் குதித்துவிட்டாள். ராஜவேலு திருத்தணிக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அதுதான் தாங்க முடியவில்லை. விடிந்ததும், யாரும் சொல்லாமல், படியேறப் போனார்.

எட்டாம் நாள் காலை ஒன்பது மணி. இருநூறாவது படிக்கு மேல் நின்றிருந்தபோது போன் அடித்தது. வீடியோ கால். திரையில் தேவயானி, தலையில் மப்ளர், பின்னால் வெறும் ஆகாயம்.

“எங்கடி கிற? மலையா?”

“இல்லீங்க. பலூன்ல!”

“பலூன்லயா?”

“ஆங். கூடை கட்டிவுட்ட பலூனு. கனிமொழியும் கீறா. தோ, கீழப் பாருங்க!”

போனைக் கீழே திருப்பினாள். வெகு ஆழத்தில் பொன் நிறப் புல்வெளி. அதன்மேல் கொட்டிய எள் மாதிரி மிருகங்கள். பலூனின் நிழல் அவற்றைத் தடவிக்கொண்டே போனது. அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது; வெயில் ஒரு பக்கமிருந்து மெதுவாக ஊறி வந்தது. இத்தனை பெரிய காலையை ராஜவேலு பார்த்ததில்லை. வாயைப் பிளந்தபடி கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் போன் இல்லாவிட்டால் அதுவும் கம்பிக்கே போயிருக்கும்.

“இன்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி கீது? பயமா கீதா?”

பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ராஜவேலு நெஞ்சை நிமிர்த்தினார். அவளோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாள். இங்கிருந்து என்ன சொன்னால் என்ன?

“பயமா? எனக்கா? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான்தான்டி மொத ஆளா அந்தக் கூடையில குதிச்சிருப்பேன்!”

தேவயானியின் முகம் முழுக்க வெயில் விழுந்தது.

“எனக்குத் தெரியுங்க. அதான் ஜனவரிக்கு உங்களுக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டேன். பிளேன்ல ஜன்னலோரம். பலூன்ல எல்லாமே ஓரந்தான்.”